சுதந்திர வர்த்தகம் எங்கள் எடைமேடைக்கு வந்த வரலாறு

வர்த்தக அமைச்சகத்தின் மேல்மாடியில் உட்கார்ந்து, நாட்டின் கோதுமையைக் காகிதத்திலேயே விதைத்துக் காகிதத்திலேயே அறுத்துக்கொண்டிருக்கும் என் அருமை மருமகளுக்கு,

தானிய வாரியத்தின் கொள்முதல் நிலையத்தில் எடைமேடையைக் கட்டி ஆளும் உன் தாய்மாமன் மிக்க நலத்தோடும், போன மாதத்தைவிடச் சற்றுக் கூடுதல் எடையோடும் எழுதிக்கொள்வது. உன் அம்மா நலம். எடைமேடைக்கு மட்டும் இடது மூலையில் லேசான மூட்டுவலி. எண்ணெய் விட்டிருக்கிறேன், தேறிவிடும். அங்கே உன் உடம்பு, உன் வேலை, உன் மேலதிகாரியின் கோபம் ஆகியவை எந்த நிலையில் இருக்கின்றன என்பதை அடுத்த கடிதத்தில் ஒளிக்காமல் எழுது.

நிற்க. இனி நான் எழுதப்போவதை நீ நம்பமாட்டாய். உன் அலுவலகத்தில் யாரும் நம்பமாட்டார்கள். அதே நாளில் அதே இடத்தில் என் பக்கத்திலேயே நின்றவர்கள்கூட நம்பமாட்டார்கள். எடைமேடையின்மேல் கைவைத்து உறுதி சொல்கிறேன், இந்தப் பூமியில் ஒருவராலும் நம்ப முடியாத கதை ஒன்றை உனக்குத் தருகிறேன். தப்பித்தவறி ஒருவர் நம்பிவிட்டாலும் என் மீசையை எடுத்து எடைபோட்டு ஏலம் விட்டுவிடலாம்.

காரணம் நீதான். உன் அம்மாவுக்கு நீ எழுதிய கடிதத்தை அவள் என்னிடம் நீட்டி, கண்ணாடியைக் காணோம், படித்துச் சொல்லுங்கள் என்றாள். கண்ணாடி அவள் நெற்றியின் மேல் இருந்தது. படித்ததை இன்னொருவர் குரலில் கேட்டால் கொஞ்சம் மாறி வருமோ என்று பார்த்திருக்கிறாள் போலும். மாறவில்லை. வெளிநாடு ஒன்று நம் வாரியத்தின்மேல் சர்வதேச வழக்குப் போட்டிருக்கிறது. அரசாங்கத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வாரியம் விவசாயியிடம் உத்தரவாத விலைக்கு வாங்கி, வெளியே மலிவாகக் கொண்டுபோய்க் கொட்டி, மற்ற நாட்டு வியாபாரிகளின் பிழைப்பைக் கெடுக்கிறது என்பது புகார். அரசாங்கம் கடை போடலாம், ஆனால் அந்தக் கடை மற்றக் கடைகளைப்போல லாபநஷ்டம் பார்த்துத்தான் நடக்க வேண்டும் என்பது விதி. வழக்கில் தோற்றால் வாரியத்தை இழுத்து மூடினாலும் மூடுவார்கள். அப்பாவும் இல்லாமல் தனியாக என்ன செய்வீர்கள் அம்மா, நிலத்தைக் கம்பெனி ஏஜெண்டுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு என்னோடு வந்து இருங்கள். இவ்வளவும் எழுதி, கீழே முத்தம் வேறு வைத்திருந்தாய். முத்தத்தையும் சத்தமாகப் படித்தேன்.

உன் அம்மா கடிதத்தை வாங்கி மடித்து வைத்தாள். பிறகு கேட்டாள்.

"என்ன அண்ணா பண்றது?"

"கையெழுத்து போட்டுட்டுக் கிளம்பு. பால்கனில ரெண்டு தொட்டி வச்சு கோதுமை போடு. அறுவடைக்கு நானே கத்தரிக்கோலோட வர்றேன்."

"கிண்டல் பண்ணாதீங்க. இந்த வருஷக் கோதுமையை வாரியத்துல போட்டுட்டு, உழவுக்கு முன்னாடி பதில் சொல்றேன்னு அந்த ஏஜெண்ட்கிட்ட சொல்லியிருக்கேன்."

"கோதுமையை யாரு கொண்டு வருவா?"

"அதுதான் எனக்கும் தெரியல."

அவளுக்கு மட்டுமில்லை, எனக்கும் தெரியவில்லை. உன் அப்பா போன பிறகு டிராக்டர் ஓட்ட வைத்திருந்த ஆளை அந்த ஏஜெண்ட் தன் லாரிக்கு இழுத்துக்கொண்டுபோய்விட்டார். தங்கை கஷ்டப்படுகிறாளே என்று நானே ஒரு நாள் டிராக்டரில் ஏறினேன். அன்றிலிருந்து பம்புசெட் அறைக்கு இரண்டு வாசல்கள். உன் அம்மாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்த டிராக்டரின் ஸ்டியரிங்கை வருஷக்கணக்காகத் துடைத்திருக்கிறாளே தவிர ஒரு நாளும் திருப்பியதில்லை. ஆக, நிலமா நகரமா என்ற மாபெரும் கேள்வி, சர்வதேச சட்டத்தில் போய் நிற்பதாக நீ நினைத்துக்கொண்டிருந்தாய். இங்கே அது எங்கள் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நின்றது.

வழக்குப் போட்ட நாட்டுத் தானியக் கம்பெனிக்கு வேலை பார்க்கும் அந்த ஏஜெண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் சென்ட். அவர் வருவதற்கு முன்பே அவர் வாசனை வந்து, நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தேநீர் கேட்கும். ஆள் மோசமில்லை. உன் அம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுவார், குத்தகைப் பத்திரத்தைக் காரிலேயே வைத்துக்கொண்டு சுற்றுவார், பேனாவை மட்டும் மறக்கவே மாட்டார்.

இப்படி இருக்கையில்தான் தலைமையகத்திலிருந்து அந்தச் சுற்றறிக்கை வந்து இறங்கியது. எங்கள் மேலாளரை உனக்குத் தெரியும். சுற்றறிக்கையில் மூச்சு விடவும் என்று எழுதியிருந்தால்தான் மூச்சு விடுவார். காற்புள்ளி இருக்குமிடத்தில் நிறுத்துவார். வழக்கை விசாரிக்கும் சர்வதேசக் குழு, நாட்டிலுள்ள எல்லாக் கொள்முதல் நிலையங்களையும் விட்டுவிட்டு, உலக உருண்டையைச் சுழற்றி விரலை வைத்தது போல எங்கள் நிலையத்தைத் தேர்ந்தெடுத்து வரப்போகிறதாம். குழு இருக்கும் நேரத்தில் நிலையம் முழுக்க முழுக்க வியாபார நோக்கில் இயங்க வேண்டுமாம், அரசாங்க உதவி என்ற ஒன்று எந்த வடிவத்திலும் கண்ணில் படக்கூடாதாம். மேலாளர் இதைப் படித்ததும் எங்கள் எல்லோரையும் தானியச் சேமிப்புக் கோபுரத்தின் நிழலில் கூட்டி நிறுத்தினார்.

"எல்லாரும் நல்லாக் கேட்டுக்கங்க. இனிமே நாம அரசாங்கம் இல்ல. வியாபாரிங்க."

மூட்டை மேஸ்திரி கையைத் தூக்கினார். "சம்பளம் சார்?"

"சம்பளம் அரசாங்கம்தான்யா. நடத்தை மட்டும் வியாபாரி."

அன்று பிற்பகல் முழுக்க எங்களுக்கு வியாபாரப் பயிற்சி. மேஸ்திரி விவசாயியாக நடித்தார். மேலாளர் எங்கோ கடன் வாங்கிய சென்ட்டைத் தெளித்துக்கொண்டு பேரம் பேச உட்கார்ந்தார்.

"கோதுமை என்ன விலை சொல்றீங்க?"

"வாரியம் அறிவிச்ச விலை சார்."

"குறைச்சுக்கங்க."

"அறிவிச்சதே நீங்கதானே சார்."

மேலாளர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். "சரி, நீங்க இவ்வளவு கேக்கறதால நான் ஏத்திக்கறேன்" என்றார். அவர் நெற்றியில் அரும்பிய வியர்வையை அன்று எடைபோட்டிருந்தால் இந்த நாட்டின் நீர்ப்பாசனப் பிரச்சினை தீர்ந்திருக்கும்.

அடுத்து பூனையின் விவகாரம். எங்கள் கிடங்கில் எலி பிடிக்க ஒரு பூனை இருக்கிறது, அதற்கு வாரியக் கணக்கில் பால் படி உண்டு. இது அப்பட்டமான அரசு மானியம் என்று மேலாளர் கண்டுபிடித்துவிட்டார். பால் ரத்து, பிடிக்கிற எலிக்கு ஏற்பக் கமிஷன். பூனை இந்தச் சீர்திருத்தத்தை அமைதியாகக் கேட்டுவிட்டு, எழுந்து, சென்ட்டின் கிடங்குக்கு நடந்துபோய்விட்டது. அங்கே சம்பளம் அதிகமோ என்னவோ. எலிகளைப் பற்றி மட்டும் யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை. எங்கள் கிடங்குக்கும் சென்ட்டின் கிடங்குக்கும் நடுவே தீர்வையில்லாமல், அனுமதியில்லாமல், எல்லையென்றே ஒன்றில்லாமல் தலைமுறை தலைமுறையாகச் சுதந்திர வர்த்தகம் நடத்திவருகிறவர்கள் அவர்கள்தான்.

பிறகு ஒளிப்பு வேலை தொடங்கியது. வாரியத்தின் சொத்து ஒவ்வொன்றிலும் வாரிய முத்திரையைப் பச்சைப் பெயிண்டில் குத்திவைப்பது எங்கள் வழக்கம். நாற்காலி, மேஜை, சுவர்க் கடிகாரம், மின்விசிறி, வாளி, துடைப்பத்தின் பிடி, எதையும் விட்டதில்லை. இவ்வளவும் அரசாங்க உதவி, கண்ணில் படக்கூடாது என்று எல்லாவற்றையும் தூக்கிக் காலியாக இருந்த கோபுரத்துக்குள் இறக்கினோம். கடைசியில் அலுவலக அறையில் நான்கு சுவர்களும் மேலாளரும்தான் மிச்சம்.

"சார், நீங்களும் வாரியத்து ஆளுதானே. உங்களை எங்க ஒளிக்கிறது?" என்று கேட்டேன்.

அவர் அதைச் சீரியஸாக எடுத்துக்கொண்டு கோபுரத்தை ஒரு பார்வை பார்த்தார். நல்லவேளை, வாசல் சின்னது.

ஒளிக்க முடியாத ஒன்றே ஒன்று எஞ்சியது, என் எடைமேடை. லாரி ஏறி நிற்கிற நீளத்துக்குத் தரையில் பதித்த இரும்புப் பலகை. அதைத் தூக்குவதற்கு ஊரையே சேர்த்துத் தூக்க வேண்டும். மேலாளர் அதன்மேல் தார்ப்பாயை விரித்து, மேலே பூந்தொட்டிகளை வரிசையாக வைத்து, "இது தோட்டம்" என்றார்.

"சார், எடை?"

"ஒரு நாள் எடை கிடையாது."

"சார், இந்த வட்டாரத்துல எடைன்னா இது ஒண்ணுதான். இதை மூடினா ஒரு மூட்டை நகராது."

"நகரக் கூடாதுங்கறதுதான்யா வியாபாரமோ என்னமோ. சுற்றறிக்கைல அதைப் பத்தி ஒண்ணும் இல்ல."

இங்கே உனக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், மேல்மாடியில் அது தெரியாது. எங்கள் எடைமேடையில் வாரியத்துக்கு வரும் தானியம் மட்டுமில்லை, யாருடைய தானியமும் ஏறும். சென்ட்டுக்கென்று சொந்தத் தராசு இருக்கிறது. ஆனால் அது காலையில் ஓர் எடையும் சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் எடையும் காட்டுகிற மனநிலை கொண்டது, ஆகவே ஒரு விவசாயியும் அதில் மூட்டையை வைப்பதில்லை. அதனால் சென்ட் வாங்கும் கோதுமையும் எங்களிடம் வந்துதான் எடைபோட்டு, என் கையெழுத்தோடு சீட்டு வாங்கிக்கொண்டு துறைமுகத்துக்குப் போகும். இது எங்களுக்குப் பழகிப்போய், வாரியத்தை எதிர்க்கும் கம்பெனியின் லாரிகள் வாரியத்தின் வாசலில் வரிசை கட்டுவது ஒரு வேடிக்கையாகக்கூட யாருக்கும் தோன்றியதில்லை.

குழு வந்த நாளைப் பற்றி என்ன சொல்வேன். காரிலிருந்து குழுத் தலைவி இறங்கினார்; இறங்கி முடிக்கவே நேரமாயிற்று, அவ்வளவு உயரம். அண்ணாந்து வணக்கம் சொன்ன மேலாளருக்குக் கழுத்து சுளுக்கி, அன்று முழுதும் வானத்தைப் பார்த்தே பதில் சொன்னார். கூட ஒரு மொழிபெயர்ப்பாளர். இலக்கணப் புத்தகத்தையே காலைச் சிற்றுண்டியாகச் சாப்பிட்டு வளர்ந்தவர் மாதிரிப் பேசினார். உள்ளே வந்தார்கள். உட்கார இடமில்லை. மூட்டைகளைக் காட்டினோம்.

"நாற்காலிகள் எங்கே எனத் தலைவி வினவுகிறார்."

"செலவைக் குறைச்சுட்டோம் மேடம். வியாபாரம்" என்றார் மேலாளர், வானத்தைப் பார்த்து.

"மின்விசிறியும் காணப்படவில்லையே என்கிறார்."

"காத்து தானா வருது மேடம். அரசாங்கம் எதுவும் தர்றதில்ல."

அந்த நேரம் பார்த்துப் பூனை பழைய முதலாளியை நலம் விசாரிக்க உள்ளே வந்தது.

"இப்பூனை எவருடைய நியமனம் என அறிய விரும்புகிறார்."

"அது தனியார் மேடம். கமிஷன்ல இருக்கு."

தலைவி பேனாவை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். எங்கள் நிலையத்தின் தலையெழுத்து ஒரு பூனையால் எழுதப்படுகிறதே என்று நினைத்துக்கொண்டேன். உன் அம்மா, அவள் கோதுமை, அடுத்த உழவு எல்லாம் கண்முன் வந்துபோயின. அப்போதுதான் வாசலில் ஹார்ன் சத்தம் கேட்டது. ஒன்று, பிறகு பத்து, பிறகு வானமே ஹார்ன் அடிப்பது போல. சென்ட்டின் லாரிகள் எடைமேடையில் ஏற முடியாமல் சாலையின் மறுகோடிவரை நின்றுவிட்டன. அந்தக் கோடி பக்கத்து நாட்டு எல்லையைத் தொட்டதாக லாரி டிரைவர்கள் சொன்னார்கள். முதலில் வாசனை ஓடி வந்தது. பின்னாலேயே சென்ட் ஓடி வந்தார். வியர்வையில் சென்ட் கரைந்து, அன்றுதான் அவர் எங்களைப்போல மனித வாசனையோடு நின்றார்.

"அண்ணே, என்ன அண்ணே இது, மேடைமேல செடி வச்சிருக்கீங்க? துறைமுகத்துல கப்பல் நிக்குது. என் லாரி ஏறணும்."

"ஏறக்கூடாது தம்பி. இந்த நிலையம் சுதந்திர வர்த்தகத்துக்கு இடைஞ்சல்னு உங்க கம்பெனிதானே எழுதிக் கொடுத்துச்சு?"

"அது மேல இருக்கறவங்க எழுதினது அண்ணே. கீழ நிக்கற லாரி என்னுது."

"உங்க தராசுல போடுங்களேன்."

"என் தராசுல எவன் போடுவான்?"

இதை அவர் கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டார். மொழிபெயர்ப்பாளர் கடமை தவறாதவர். தொண்டையைச் செருமிக்கொண்டு, "திரு முகவர், தம் தராசில் எவரும் எடையிடத் துணியார் எனத் தாமே உரைக்கிறார்" என்று தலைவியிடம் அவர் மொழியில் சொல்லிவிட்டு, நமக்கும் ஒருமுறை நம் மொழியில் சொன்னார். ஹார்ன்கள் நின்றன. எலிகள்கூட நின்று கேட்டதாகப் பூனை பிற்பாடு தெரிவித்தது.

அந்த அமைதியைக் கிழித்துக்கொண்டுதான் உன் அம்மா வந்தாள்.

டிராக்டரில். தானே ஓட்டிக்கொண்டு. பின்னால் டிரெய்லர் நிறையக் கோதுமை. புயல் என்றால் புயல் கோபித்துக்கொள்ளும். நின்ற லாரிகளையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு, குழுவின் காரைக் கண்ணாடிக்குக் கண்ணாடி உரசாமல் முந்தி, வாசல் தூணுக்கு ஒரு விரல் இடம் விட்டு வளைத்து, பூந்தொட்டிகள் பட்டாளத்தைப்போல விலகி வழிவிட, தார்ப்பாயோடு சேர்த்து எடைமேடையின் நட்டநடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள். நிறுத்தியவள் இறங்கவில்லை. எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது, அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சிம்மாசனத்தில் ராணிகள் இவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்ததாக எந்தச் சரித்திரத்திலும் நான் படித்ததில்லை.

"அம்மா, இன்னைக்கு எடை கிடையாதும்மா, இறங்குங்க" என்றார் மேலாளர் வானத்திடம்.

"இறங்க மாட்டேன். எடை போடுங்க. போட்டா நான் பாட்டுக்குப் போறேன்."

சென்ட் முன்னால் வந்தார். "அக்கா, உங்களுக்கு எதுக்கு இந்தக் கஷ்டம். இந்த லோடை நானே எடுத்துக்கறேன். குத்தகைப் பத்திரம்கூட கார்லயே இருக்கு, அப்படியே ஒரு கையெழுத்தையும் போட்டீங்கன்னா..."

"உங்க தராசு எங்க?"

"அது ரிப்பேர்ல இருக்குக்கா."

"அப்ப நீங்களும் எனக்குப் பின்னாடி வரிசைல நில்லுங்க."

தலைவி மூட்டையிலிருந்து எழுந்தார். அவர் எழுந்து முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தோம். டிராக்டருக்குப் பக்கத்தில் போய் நின்றார். உட்கார்ந்திருந்த உன் அம்மாவும் நின்றிருந்த அவரும் கண்ணுக்குக் கண் சமமாக இருந்தார்கள்.

"இங்கேதான் விற்க வேண்டுமென வாரியம் உங்களைக் கட்டாயப்படுத்துகிறதா எனத் தலைவி கேட்கிறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"என்னை யாரு கட்டாயப்படுத்தறது? எங்க சரியா நிறுக்கறாங்களோ, எந்த வருஷமும் கதவைத் திறந்து வைக்கறாங்களோ, அங்க போடறேன். நாளைக்கு இந்தத் தம்பி சரியா நிறுத்து, வாரியத்தைவிட நல்ல விலை கொடுத்தா இவருக்கும் போடுவேன். எனக்கு என்ன?"

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னதும் தலைவியின் கண்கள் கலங்கின. சர்வதேச விதி வியாபார நோக்கு, வியாபார நோக்கு என்று பக்கம் பக்கமாகப் பேசுகிறது. அந்த ஜந்து எப்படி இருக்கும் என்று கண்டங்கள் தோறும் தேடினேன், இன்றுதான் டிராக்டரின்மேல் உயிரோடு பார்த்தேன் என்று அவர் விம்மியதாக மொழிபெயர்ப்பாளர் விம்மினார். பிறகு தலைவியே குனிந்து தார்ப்பாயை ஒரு முனையில் பிடித்து இழுத்தார். மறுமுனையைச் சென்ட் பிடித்தார். நான் எடை அறைக்குள் ஓடினேன்.

"அண்ணா, என்னையும் சேர்த்தா எடை போடறீங்க?" என்று மேலிருந்து கத்தினாள் உன் அம்மா.

"கோதுமையை இறக்கிட்டு வெறும் வண்டியை எடை போடும்போதும் நீ மேலயே உட்கார்ந்திரு. நீ கழிஞ்சிடுவே."

அதற்கப்புறம் நடந்தவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன், காகிதம் போதாது. தலைவி அங்கேயே மூட்டையின்மேல் உட்கார்ந்து தீர்ப்பை எழுதினார். வாரியம் இருக்கலாம். மற்ற வியாபாரிகளும் வரலாம். யார் வந்தாலும் விவசாயி பார்க்கும்படி ஒரே எடைமேடையில் நிற்க வேண்டும். வாரியம் வெளிநாட்டில் விற்கும்போது எல்லோரையும்போலக் கணக்குப் பார்த்து விற்க வேண்டும், கொட்டக் கூடாது. பூனைக்குப் பால் உண்டு. தீர்ப்பை எழுதி முடித்ததும் தம் பெட்டியிலிருந்த சர்வதேச விதிப்புத்தகம் முழுவதையும் எடைமேடையின்மேல் வைத்து, எவ்வளவு என்று கேட்டார். எங்கள் மேடை லாரிகளைப் பார்த்துப் பழகியது, அதற்கு அந்தப் புத்தகம் வந்ததே தெரியவில்லை. வழக்குப் போட்ட நாடு வெட்கப்பட்டு வழக்கை வாபஸ் வாங்கியது. துறைமுகத்தில் காத்திருந்த கப்பல் மகிழ்ச்சியில் சங்கு ஊதியது. அந்தச் சத்தம் உன் மேல்மாடிவரை கேட்டிருக்குமே, கேட்கவில்லையா? சென்ட் மறுநாளே புதுத் தராசு வாங்கி, அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க எங்கள் எடைமேடையில் வைத்து எடைபோட்டுக்கொண்டு போனார். மேலாளருக்குக் கழுத்து சரியாகிவிட்டது, ஆனால் கோபுரத்துக்குள் போட்ட நாற்காலிகளை வெளியே எடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை வராததால் இன்னும் நின்றுகொண்டே வேலை பார்க்கிறார்.

ஆகவே மருமகளே, சுதந்திர வர்த்தகத்தைக் கண்டு நீ அஞ்ச வேண்டாம், எங்களுக்காகவும் அஞ்ச வேண்டாம். வெயிலில் அலையாமல், வேளைக்குச் சாப்பிட்டு, மேலதிகாரி கத்தினால் ஒரு காதை அவருக்கும் மறு காதை ஜன்னலுக்கும் கொடுத்து, எடையிலும் குணத்திலும் குறைவில்லாமல் நெடுங்காலம் நீ வாழ வேண்டும். உனக்கு வரப்போகிற மாப்பிள்ளையை முதலில் என் மேடையில் ஏற்றிப் பார்க்கும் உரிமையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அலுவலகத்தில் என்னை விசாரிப்பவர்களுக்கு என் வணக்கத்தையும், விசாரிக்காதவர்களுக்கு என் மன்னிப்பையும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்,
எடைமேடைப் பேரரசின் ஒரே பிரஜையும் ஒரே மன்னனும்.

பின்குறிப்பு: உன் அம்மா இந்தக் கடிதத்தை முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். சிரித்து முடித்த பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எழுத்து முழுக்கப் பொய்யா இருக்கே அண்ணா, பாவம், அது அங்க தனியா உட்கார்ந்துட்டு எதை நம்பும்? உண்மையை எழுதுங்க" என்கிறாள். தங்கை சொன்னால் தட்டமாட்டேன். எழுதுகிறேன்.

குழு வரவில்லை. வருவதாகவும் இல்லை. போன மாதம் வந்த ஒரே சுற்றறிக்கை, மழைக்கு முன் தார்ப்பாய்களை வெயிலில் காயப்போடுவது பற்றியது. எங்கள் மேலாளர் நல்ல புத்தியுள்ள மனிதர், நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். பூனை இதுவரை ஒரு எலியைக்கூட அவமானப்படுத்தியதில்லை. சென்ட் என்னிடம் எதற்கும் கெஞ்சவில்லை, அவர் தராசைப் பற்றி நான் எழுதியதை அவரிடம் காட்டிவிடாதே. தலைவி என்று ஒருவர் இருந்தால், அவர் எவ்வளவு உயரம் என்று உன் அலுவலகத்தில்தான் தெரியும். உன் அம்மா வர்த்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வழக்கு எப்படிப் போகிறது, அடுத்த வருஷம் வாரியம் எங்கள் கோதுமையை வாங்குமா, எனக்குத் தெரியாது. வழக்குக்குப் பதிலெழுதும் அறையில் உட்கார்ந்திருப்பவள் நீ. நன்றாக எழுது.

ஒரு சின்னப் பகுதி மட்டும் உண்மை. உன் அம்மா டிராக்டரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தாள்.

புயலெல்லாம் இல்லை. வீட்டிலிருந்து நிலையம்வரை முதல் கியரிலேயே வந்தாள். பின்னால் வந்த வண்டிகள் ஹார்ன் அடித்து ஓய்ந்து, பிறகு சவாரிக்கு வந்தவர்களைப்போலப் பொறுமையாக அவள் பின்னால் வந்தன. மேடையின்மேல் ஏறி நின்றவள் இறங்கவில்லை, அதுவும் உண்மை. ஆனால் அது போராட்டம் இல்லை. "அண்ணா, இதை எப்படி நிறுத்தறது?" என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. மேஸ்திரி வந்து ஒரு குமிழைப் பிடித்து இழுத்தார். எஞ்சின் நின்ற பிறகும் ஸ்டியரிங்கை விடாமல் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். வரிசையில் நின்றவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. கீழே இறங்கியதும் முதலில் சொன்னது, "குத்தகை வேண்டாம்னு அந்தத் தம்பிகிட்ட சொல்லிடுங்க அண்ணா." நாலடி போய்த் திரும்பி வந்தாள். "இல்ல, நானே சொல்லிக்கறேன்."

சொல்லிவிட்டாள். நேற்று கிழக்குப் பக்க நிலத்தில் உழுதாள். உழவுச் சால் ஒன்றும் நேராக இல்லை, மேலிருந்து பார்க்கும் பறவைகள் குழம்பிப்போகும். லீவு கிடைத்தால் வா. மட்கார்டில் உன்னை உட்காரவைத்துப் பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். கெட்டியாகப் பிடித்துக்கொள்.